தாழிக்கு ஒரு வாரிசு

வெள்ளாங்கரட்டில் தோண்டிய குழியிலிருந்து எலும்போடு ஒரு முதுமக்கள் தாழி வெளியே வந்தது. வந்ததுமே, நிலத்துக்காரர் சேர்மன் மாசானமுத்து காரை விட்டு இறங்கினார்.

"இது எங்க பாட்டன், இந்தச் சீமையை ஆண்ட ராஜா. அப்படியே எழுதிப் பலகை வைங்க. இல்லேன்னா குழியை மூடிருவேன்."

தாழியில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. அகழாய்வு அதிகாரி ரெஜினாவுக்குப் பொய் எழுதவும் மனசில்லை, வேலையை நிறுத்தவும் மனசில்லை.

மண் சலித்துக்கொண்டிருந்த சீனித்தாய் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"பாட்டன்னா காரியம் நீங்கதான செய்யணும், அண்ணாச்சி? எலும்பு வெளிய கெடக்கே. மொட்டை போட்டுக் கருமாதி முடியுற வரைக்கும் தீட்டுலா? கோயில் வாசல் மிதிக்க முடியாதே."

"நாளைக்குத் தேரு! பரிவட்டம் எனக்குலா கட்டணும்!"

"உங்க மச்சானுக்குக் கட்டச் சொல்லுவோம். அவருக்குத் தீட்டு இல்ல."

அந்தப் பரிவட்டத்துக்காகத்தான் மச்சானும் அவரும் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். சேர்மன் தாழியை இன்னொரு தரம் பார்த்தார்.

"யாரு பெத்த புள்ளையோ! எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

கார் போனது. ரெஜினா பலகையில், 'யாருடைய தாழி என்று தெரியவில்லை' என்று எழுதினார்.

"சேர்மனே சொல்லிட்டாருன்னு கீழ ஒரு வரி போட்டுக்கோங்க மேடம்" என்றாள் சீனித்தாய்.