ஏரா இல்லாத படகு

ஒரு காட்டில் மரங்களெல்லாம் தண்ணீருக்குள்ளேயே காலூன்றி நின்றன. கடல் உள்ளே வந்து வந்து போகும் அலையாத்திக் காடு அது. அங்கே ஒரு நீர்நாய் பழைய பாய்ப்படகு ஒன்றை ஓட்டிப் பிழைத்துவந்தது. கயிற்றை ஒரு முறை கட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்க்கும். அவ்வளவு பயந்த சுபாவம்.

கோடை வந்தால் காட்டில் புல் காய்ந்துவிடும். எதிரே உள்ள தீவில் மட்டும் பச்சை இருக்கும். அந்த ஆண்டும் முயலக்கா கரைக்கு வந்து, "நாளைக் காலையில் எங்கள் கூட்டத்தை அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடு, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

மாலையில் நீர்நாய் வழக்கம்போலப் படகுக்கு அடியில் முங்கித் தடவிப் பார்த்தது. திக்கென்றது. பலகைகளுக்குக் கீழே நீளவாக்கில் பொருத்தியிருந்த கனத்த கட்டையைக் காணவில்லை. ஏரா என்று சொல்வார்களே, அதுதான். போன தடவை பாறையில் இடித்தபோது கழன்று விழுந்திருக்க வேண்டும். ஆணித் துளைகளைப் பழைய பிசின் மட்டும் அடைத்துக்கொண்டிருந்தது.

காட்டுக்குத் தச்சர் குரங்குதான். நீர்நாய் அதனிடம் ஓடியது.

"போனால் போகட்டும்" என்றது குரங்கு. "தண்ணீருக்குள் கிடக்கிற சமாச்சாரம். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? பாயில் சிவப்பாக ஒரு பட்டை தீட்டித் தருகிறேன். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்."

"எனக்குத் தெரியுமே, அண்ணா."

"நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்."

மறுநாள் காலையில் முயல்கள் வரிசையாக வந்து நின்றன. பாயில் சிவப்புப் பட்டை பளபளத்தது. நீர்நாய் கட்டிய கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தது. சொன்னால் இனி யார் இந்தப் படகில் ஏறுவார்கள்? இருந்தாலும் சொல்லிவிட்டது.

"முயலக்கா, ஏறாதீர்கள். படகுக்கு அடியில் ஏரா இல்லை."

முயலக்கா படகைப் பார்த்தது. "நன்றாகத்தானே மிதக்கிறது? பசியோடு வந்திருக்கிறோம், தம்பி."

பக்கத்தில் நின்ற குரங்கு சிரித்தது. "இதற்கு உடம்பு நனைந்தாலே ஜலதோஷம் பிடிக்கும். நீர்நாய் என்று யார் பெயர் வைத்தார்களோ. நான் ஓட்டுகிறேன், ஏறுங்கள்."

இரண்டு முயல்கள் உள்ளே குதித்தே விட்டன. நீர்நாய் சட்டென்று யோசித்தது.

"சரி அண்ணா, நீங்களே ஓட்டுங்கள். ஆனால் முதலில் தனியாகத் தாழை முனையைத் தாண்டிப் போய்த் திரும்புங்கள். நேராகப் போய் நேராக வந்துவிட்டால் படகு உங்களுக்கே."

இதைச் சொல்லும்போது அதன் நகங்கள் சேற்றில் பதிந்தன. அதற்கு இருந்த சொத்து அந்தப் படகு ஒன்றுதான். பிறகு, "பயப்படாதீர்கள், அங்கே தண்ணீர் உங்கள் இடுப்பளவுதான்" என்றும் சேர்த்துக்கொண்டது.

முயல்கள் இறங்கின. குரங்கு பாயை விரித்துப் புறப்பட்டது. மரங்களின் மறைவில் காற்று குறைவு. படகு சமத்தாகப் போயிற்று. குரங்கு திரும்பிப் பார்த்துக் கையசைத்தது.

தாழை முனையைத் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் வந்து பாயில் அறைந்தது. படகு முன்னே போகவில்லை. சறுக்கிச் சறுக்கிப் பக்கமாகவே போயிற்று.

சேற்று மேட்டில் இருந்த நண்டு கண்களைத் தூக்கிப் பார்த்தது. "வாங்க மச்சான். நடையைப் பார்த்தால் நம் சொந்தக்காரர் மாதிரி இருக்கிறதே?"

குரங்கு பதில் சொல்வதற்குள் படகு சாய்ந்தது. சிவப்புப் பட்டை தண்ணீரில் படுத்தது. குரங்கு இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் நின்றது.

நீர்நாய்க்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு நீந்திப் போய்ப் படகை நிமிர்த்திக் கரைக்கு இழுத்து வந்தது.

"புதுக் கட்டை போட எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டது முயலக்கா.

"ஆறு நாள், அக்கா" என்றது நீர்நாய்.

"ஆகட்டும். அதுவரை காய்ந்த புல்லையே மென்றுகொண்டு இருக்கிறோம்."

குரங்கு உடம்புச் சேற்றைக் கழுவிவிட்டு ஒரு முருங்கைக் கட்டையைத் தூக்கி வந்தது. "செதுக்க எளிது" என்றது. நீர்நாய் அதைத் தண்ணீரில் போட்டது. தக்கைபோல மிதந்தது.

"அடியில் கனம் இருந்தால்தானே அண்ணா, மேலே பாய் நிமிர்ந்து நிற்கும்?"

குரங்கு முணுமுணுத்துக்கொண்டே போய், பச்சைக் கருவேலங்கட்டை ஒன்றை உருட்டி வந்தது. அது தண்ணீரில் அமிழ்ந்தது. குரங்கு செதுக்கியது. மரங்கொத்தி துளை போட்டது. மர ஆணிகளை அடித்து, பஞ்சைப் பிசினில் தோய்த்து இடுக்குகளை அடைத்தார்கள். நீர்நாய் ஒவ்வோர் ஆணியையும் மூன்று முறை ஆட்டிப் பார்த்தது. இந்த முறை குரங்கு கேலி செய்யவில்லை.

ஏழாம் நாள் காலையில் நீர்நாய் தனியாகவே தாழை முனையைத் தாண்டிப் போயிற்று. காற்று அறைந்தது. படகு கொஞ்சம் சாய்ந்து, நிமிர்ந்து, நேராக ஓடியது.

"இது நம் ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டு நண்டு வளைக்குள் போய்விட்டது.

முயல்கள் ஏறத் தொடங்கின. முயலக்கா படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "ஆறு நாள் பாடுபட்டீர்களே, அந்தக் கட்டை எங்கே? கண்ணில் காட்டுங்களேன்."

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த குரங்கு சொன்னது: "வேண்டாம் அக்கா. அது உங்கள் கண்ணில் பட்டால் படகு கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். பேசாமல் ஏறி உட்காருங்கள்."

நீதி: யார் கண்ணுக்கும் தெரியாத குறையைத் தானே எடுத்துச் சொல்பவரின் படகில் நம்பி ஏறலாம்.