பின்சீட்டு பெல்ட் கேட்ட கேள்வி

ஒரு காலத்தில், அதாவது ரொம்ப முன்னாடி எல்லாம் இல்லை, சேலத்தில் ஏற்காடு மலைக்குப் போகிற சாலையோரம் ஒரு பழைய கார்க் கடை இருந்தது. வாசலில் கலர் கொடி, உள்ளே வரிசையாகக் கார்கள். ஒவ்வொரு காரையும் அதற்கு முன்னால் ஒரு டாக்டர்தான் ஓட்டினார் என்று அங்கே சொல்வார்கள். எல்லா டாக்டரும் இந்தக் கடைக்கே காரை விற்றுக்கொண்டிருந்தால் நோயாளிகளை யார்தான் பார்த்தார்களோ, அது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்!

அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றது ஒரு சாம்பல் நிறக் கார். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அவ்வளவு பளபளப்பு. ஆனால் அதன் கதை வேறு. சென்னையில் வெள்ளம் வந்தபோது ஒரு அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் அது கூரை வரைக்கும் முழுகிக் கிடந்தது. பிறகு கை மாறிக் கை மாறி இங்கே வந்து சேர்ந்தது. கடை முதலாளி அதைக் கழுவி, பாலிஷ் போட்டு, சீட்டுக்குப் புது உறை மாட்டி நிறுத்தினார். கழுவினால் போகிற அழுக்கா அது? உள்ளே ஓடுகிற ஒயரில் எல்லாம் துரு. காற்றில் கொஞ்சம் ஈரம் கூடினால் போதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அடங்கிவிடும். ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் மிதித்தால் இறங்காது. ஒரு தூறல் நாளில் கடை ஆள் ஓட்டிப் பார்த்தபோது நடு ரோட்டில் அப்படித்தான் ஆனது. நேரான ரோடு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள இது போகலேன்னா, பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிருங்க" என்று முதலாளி சொன்னதைச் சாம்பல் காரும் கேட்டது. அன்றிலிருந்து அதற்கு உயிரே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது.

"பயப்படாதே" என்றது டேஷ்போர்டில் ஒட்டியிருந்த வாசனைப் புட்டி. "சேத்து நாத்தம் ஒருத்தர் மூக்குக்கும் போகாது. நான் எதுக்கு இருக்கேன்?"

"என்னைப் பாரு" என்றது மீட்டர். "பின்னாடி திருப்பி வச்சாங்க, பாதி வயசு குறைஞ்சு போச்சு. எவ்வளவு ஓடினேன்னு எனக்கே மறந்துபோச்சுன்னா பாரேன்!"

பின்சீட்டின் ஓரத்தில், சுருளுக்குள் சுருண்டு கிடந்த சீட் பெல்ட் மட்டும் பேசவில்லை. அதை யாரும் கழுவவும் இல்லை, வெளியே இழுத்துப் பார்க்கவும் இல்லை. நம் ஊரில் பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போடுகிறவர் யார்? போடாத பெல்ட்டை எவன் கழுவுவான்? வெள்ளத்துச் சேற்றை அப்படியே மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு அது பாட்டுக்குக் கிடந்தது.

பக்கத்தில் ஒரு சிவப்புக் குட்டிக் கார் நின்றது. கதவில் பெரிய நசுங்கல், பெயின்ட் வெளிறிப்போய்ப் பார்க்கச் சகிக்காது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "நீ போயிருவே, கவலைப்படாதே" என்று அது சாம்பல் காருக்கு ஆறுதல் சொன்னது. "என் மூஞ்சிக்கு எவன் வருவான்?"

ஒன்பதரை மணிக்குப் பூங்கோதை வந்தாள். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். மலை மேலே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்றல் ஆகியிருந்தது. புருஷன் குஜராத்தில் வேலை. இரட்டைப் பிள்ளைகள் இரண்டையும் மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். இனிமேல் தினம் காலையில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சாயங்காலம் இறங்க வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டும் மாற்றி மாற்றி வாந்தி எடுக்கின்றன. அதற்காகவே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

கடையில் வண்டி விற்க நின்றவன் கிருபாகரன். பொல்லாதவன் இல்லை. ஆனால் வாயில் எந்நேரமும் நாலு பொய் தயாராக இருக்கும். அது வேலை கற்றுக்கொடுத்த வாய்.

"அக்கா, உங்களுக்குன்னே வந்த மாதிரி ஒரு வண்டி. ஒரு டாக்டர் வச்சிருந்தது. கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாராம்."

பூங்கோதை சாம்பல் காரைச் சுற்றி வந்தாள். பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"கொஞ்சம் மலைப் பக்கம் ஓட்டிப் பார்க்கலாமா தம்பி?"

"ஓட்டலாம்க்கா, தாராளமா ஓட்டலாம். ஆனா பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குதே. அதுக்கு முன்னாடி எடுத்துட்டா நல்லதில்லையா?"

போனிலே மாமியாரும் காலையில் அதையேதான் சொல்லியிருந்தார். பூங்கோதை மணியைப் பார்த்தாள். ஓட்டிப் பார்க்கிற பேச்சு அத்தோடு நின்றது. ராகுவைக் காட்டியே அந்தக் கடையில் எத்தனை பேரை அவசரப்படுத்தியிருப்பார்களோ!

அதற்குள் பிள்ளைகள் இரண்டும் பின்சீட்டில் ஏறியாகிவிட்டது. பெண் நிறைமதி, பையன் செங்கதிர்.

"ஜன்னல் பக்கம் நான்!"

"போடி, நான்!"

"ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்குடா லூசு!"

இருவரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பிடித்தார்கள். நிறைமதி முன்சீட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "நீ எங்க வண்டி, என்ன? எங்களைப் பத்திரமா கூட்டிட்டுப் போவியாம்" என்றாள்.

சாம்பல் காருக்கு மனசு அப்படியே உருகிவிட்டது. முழுகிப்போன நாளிலிருந்து அதை ஒரு மனுஷக் கை ஆசையாகத் தொட்டதே இல்லை. கழுவினார்கள், தேய்த்தார்கள், தட்டிப் பார்த்து விலை பேசினார்கள். 'நீ எங்க வண்டி' என்று யார் சொன்னார்கள்?

"போயிரலாம்" என்றது வாசனைப் புட்டி. "நமக்கும் ஒரு வீடு!"

"போயிரலாம், போயிரலாம்" என்றது மீட்டர்.

விலை பேசி முடிந்து, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "நசுக்குறதுன்னா சட்டுனு நசுக்கித் தொலைங்கப்பா" என்று அவை வேறு முனகின.

பூங்கோதை பின்கதவைத் திறந்து குனிந்தாள். "ரெண்டு பேரும் பெல்ட் போடுங்க."

கிருபாகரன் சிரித்தான். "பின்னாடி சீட்ல யாருக்கா பெல்ட் போடுறா? விடுங்க, நேரமாச்சு."

"நான் இதுவரைக்கும் எமர்ஜென்சியில இருந்தேன் தம்பி. பெல்ட் போடாம வந்த பிள்ளைங்களைத் தூக்கின கை இது. பெல்ட் இல்லாம என் பிள்ளைங்க எந்த வண்டியிலயும் போகாது."

செங்கதிர் பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். அது சட்டென்று பிடித்துக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்வது அதன் பிறவிக்குணம்.

"வரமாட்டேங்குதும்மா."

"நகரு, மெதுவா இழுக்கணும்" என்று பூங்கோதை கையை நீட்டினாள்.

அப்போதுதான் பெல்ட் சாம்பல் காரிடம் முதல்முறையாக வாய் திறந்தது. "அண்ணே, இந்தம்மா மெதுவா இழுக்குறாங்க. ரெண்டு சாண் தாண்டினா என் மடியில இருக்கிற சேறு வெளிய தெரிஞ்சுரும். சொல்லுண்ணே. விடவா, பிடிச்சுக்கவா?"

"பிடிச்சுக்கோ!" என்று வாசனைப் புட்டி அலறியது. "இறுக்கிப் பிடிச்சுக்கோ! பெல்ட் ரிப்பேர், பிள்ளைங்க இன்னைக்கு ஆட்டோவுல போகட்டும், நாளைக்குச் சரிபண்ணித் தர்றோம்னு சொல்லிருவாங்க. இன்னைக்கு நாம தப்பிச்சா போதும்!"

"எப்பவுமா மழை பேயப்போகுது?" என்றது மீட்டர். "ஒண்ணும் ஆகாம ஓடிட்டா?"

சாம்பல் கார் யோசித்தது. அதற்கும் இருக்க ஆசைதான், அதில் என்ன ஒளிவு? இரும்புக்கடையில் காரை எப்படிப் பிரிப்பார்கள் என்று அது கேள்விப்பட்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிடிச்சுக்கோ. பத்து நிமிஷத்தில் மாலை போட்டு, பழம் நசுக்கி, இந்தப் பிள்ளைகளின் வண்டியாகக் கேட்டைத் தாண்டிப் போய்விடலாம்.

போய்விடலாம். அப்புறம்? மலையில் பனி இறங்காத காலை உண்டா? ஒன்பதாவது வளைவிலோ பத்தாவது வளைவிலோ ஒயர் ஈரமாகும். இன்ஜின் அடங்கும். பூங்கோதை பிரேக்கை மிதிப்பாள், இறங்காது. ஸ்டியரிங்கைத் திருப்புவாள், திரும்பாது. பின்னால் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

'பத்திரமா கூட்டிட்டுப் போவியாம்' என்று அந்தப் பெண் கேட்டாளே!

"விட்டுரு" என்றது சாம்பல் கார்.

"அண்ணே, நல்லா யோசிச்சுக்கோ. நீ..."

"தெரியும்டா. விட்டுரு. முழுசா விட்டுரு."

பெல்ட் விட்டது. ஒரு சாண், இரண்டு சாண், அதற்கு மேலும் வந்துகொண்டே இருந்தது. கறுப்புப் பட்டை முடிந்து, காய்ந்து வெடித்த பழுப்புச் சேறு ஆரம்பித்தது. பூங்கோதையின் விரலில் மண் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். வாசனைப் புட்டியால் இந்த முறை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவள் நிமிர்ந்து கிருபாகரனைப் பார்த்தாள். கத்தவில்லை, திட்டவில்லை. மண் ஒட்டிய விரலை மட்டும் காட்டினாள்.

"இது தண்ணியில நின்ன வண்டியா தம்பி?"

கிருபாகரனின் வாயில் நாலு பொய்யும் தயாராகத்தான் இருந்தன. 'பீச்சுக்குப் போன மணலுக்கா' என்று சொல்லலாம். 'சர்வீஸ்ல பட்டதுக்கா' என்று சொல்லலாம். ஆனால் பிள்ளைகள் இரண்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவனுக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை உண்டு. என்ன ஆயிற்றோ, பொய் எதுவும் வெளியே வரவில்லை.

"ஆமாக்கா" என்றான். "முழுகின வண்டி. ஈரம் பட்டா ஓடுறப்பவே நின்னுரும். மலைக்கு ஆகவே ஆகாது. பிள்ளைங்களை இறக்குங்க."

"தெரிஞ்சுமா குடுக்கப் பார்த்தே?"

"தெரிஞ்சுதான்க்கா." அவன் தலை குனிந்துகொண்டது.

பூங்கோதை பிள்ளைகளை இறக்கி, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டாள். போகாமல் என்ன செய்வாள்? கிருபாகரன் பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம். அந்தச் சிவப்பு வண்டியைப் பாருங்க. கதவுல அடிபட்டது நிஜம். ஏசி வேலை செய்யாது. மூணாவது ஆளு கை மாறி வந்தது, டாக்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆனா தண்ணியில நிக்கல. சாவியைப் பிடிங்க. மலையில எதுவரைக்கும் வேணா போய்ட்டு வாங்க, உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்க. சாயங்காலம் ஆனாலும் பரவால்ல."

"ராகு காலமாச்சே?" என்றாள் அவள், குத்தலாக.

"அது நான் சும்மா சொன்னதுக்கா."

அவனை நம்பலாமா என்று பூங்கோதைக்குத் தெரியவில்லை. ஆனால் தன் சரக்கின் குறையைத் தானே வரிசையாகச் சொன்ன வியாபாரியை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. சாவியை வாங்கினாள். மெக்கானிக்கிடம் காட்டினாள், மலையில் பாதி தூரம் ஏறி இறங்கினாள். சாயங்காலம் சிவப்புக் காரையே எடுத்துக்கொண்டாள். முதலாளி கிருபாகரனைக் கிழி கிழியென்று கிழித்தார். அவனும் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

கேட்டைத் தாண்டுமுன் சிவப்புக் கார் தயங்கியது. "உன் இடத்தை நான் பிடிச்சுட்டேனே" என்றது. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"போடா பைத்தியம்" என்றது சாம்பல் கார். "வளைவுல பார்த்துப் போ."

திங்கட்கிழமை சாயங்காலம் இரும்புக்கடை லாரி வந்தது. சாம்பல் காரைச் சங்கிலி போட்டு மேலே ஏற்றினார்கள். வாசனைப் புட்டி காலியாகிவிட்டிருந்தது. "என்னை மன்னிச்சுரு" என்று அது மெல்லச் சொன்னது. மலைப் பக்கம் வானம் கறுத்து, மழை வலுவாகப் பிடித்திருந்தது. சாம்பல் கார் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனது.

முதல் சிக்னலில் லாரி நின்றது. பக்கத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. தொப்பலாக நனைந்திருந்தது, கதவில் பெரிய நசுங்கல். பூங்கோதை ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் ஆளுக்கு ஒரு ஜன்னலில் சாய்ந்து, குறுக்கே பெல்ட்டோடு, இரண்டு பிள்ளைகளும் வாயைத் திறந்துகொண்டு தூங்கின.

சிவப்புக் கார் தற்செயலாக மேலே பார்த்தது. சங்கிலிக்குள் கிடந்தது அதன் நண்பன். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டுக் கதற வேண்டும் என்று ஹாரன் அடிக்கப் போனது.

"அடிச்சுராதே" என்றது சாம்பல் கார். "பிள்ளைங்க தூங்குறாங்க."