கடைசியாகச் சொன்னவர்

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்துநாலு வயது. அவருக்கு லினக்ஸ் சொல்லித்தரும் ஷமீமாவுக்கு முப்பத்தொன்று. அந்த ரத்த வங்கியில் குரு அவள், சிஷ்யர் அவர்.

அன்று காலை டேட்டாபேஸ் புது சர்வருக்கு மாறியது. கவுன்டரில் ஓடும் நிரல் மட்டும் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கிளையில் ஓ நெகட்டிவ் இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. கிளைகளில் போனை எடுப்பாரும் இல்லை. மனைவியைப் பிரசவ அறையில் விட்டுவிட்டு வந்த ஒருவர் அந்த ரத்தத்துக்காகக் கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

ஏகாம்பரம் வெடித்தார். "பொதுக் கோப்புல முகவரிய மாத்தினேன், கேக்கல. இன்னொரு கோப்பு இருந்துச்சு, அதுலயும் மாத்தினேன், கேக்கல. ஏழு தடவைம்மா! செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி இருக்கு!"

அந்நேரம் பார்த்து உதவியாளர் லில்லி டீ கொண்டுவந்தாள்.

"சாருக்குச் சர்க்கரை தூக்கலா போடு லில்லி," என்றாள் ஷமீமா.

"எனக்குச் சுகர் இருக்கு. போடாதம்மா!"

லில்லி போடாமல் கொடுத்தாள்.

"நான் போடச் சொன்னேனே, அவ ஏன் சார் போடல?" என்றாள் ஷமீமா.

"நான் வேணாம்னேன்ல? வெளிய அந்த மனுஷன் துடிக்கிறான், இப்ப டீதான் முக்கியமா?"

"நீங்க எனக்கு முன்னாடி சொன்னீங்களா, பின்னாடியா?"

"பின்னாடி."

"இந்த நிரலும் அப்படித்தான். எல்லாக் கோப்பையும் வரிசையா படிக்கும். கடைசியா சொன்னவர் பேச்சத்தான் கேக்கும். அங்க கடைசியா பேசுறது யாரு?"

ஏகாம்பரம் முணுமுணுத்துக்கொண்டே தேடினார். நிரல் அவருடைய பயனர் கணக்கில்தான் ஓடியது; அதனால் அவருடைய கோப்பைத்தான் அது கடைசியாகப் படிக்கும். அவருடைய சொந்த ஃபோல்டரிலேயே, சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாத மறைகோப்பு ஒன்று கிடந்தது. மூன்று வருடப் பழசு. உள்ளே பழைய முகவரி. முதல் வரியில் ஒரு குறிப்பு:

'தற்காலிகம். நாளை நீக்கவும். ஏகாம்பரம்.'

அவர் முகம் சுண்டிப்போனது. காலையிலிருந்து அவர் திட்டாத ஆளில்லை. சர்வர், அதை விற்றவன், அதை மாற்றச் சொன்ன டாக்டர், எல்லோருக்கும் விழுந்திருந்தது.

கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். பட்டியல் திறந்தது. மேற்குக் கிளையில் இரண்டு யூனிட். சீட்டை வாங்கிக்கொண்டு அந்த மனிதர் ஓடினார்.

ஏகாம்பரம் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

"இது இப்போதைக்கு ஓரமா கிடக்கட்டும்மா. நாளைக்கு அழிச்சிடறேன்."

"முதல் வரிய இன்னொரு தடவை படிங்க சார்," என்றாள் ஷமீமா.