விரதக்காரிக்கு ஒரு தோசை

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, சொல்ல வேண்டியதையே சொல்லாமல் விட்டுவிடுவது செண்பகவடிவின் வழக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஐம்பதை நெருங்கிய பிறகும் கடைக்காரர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அன்று குருவிடம் சொல்ல வேண்டியதையும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

குருவின் பெயர் குழல்வாய்மொழி. தென்காசியில் தியானம் சொல்லிக்கொடுப்பவர். செண்பகவடிவைவிடப் பத்து வயது இளையவர். இவள் அவரை அம்மா என்பாள். அவர் இவளை அக்கா என்பார். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

தை பிறந்ததும் குரு சிஷ்யர்களோடு ஊர் ஊராக நடந்து போவதாக ஏற்பாடு.

"அம்மா, நான் பயணத்துக்கு வரலை."

"ஏன் அக்கா?"

"வழியெல்லாம் கடைச் சாப்பாடு. பால், தயிர், நெய் எல்லாத்தையும் விட்டுட்டேன். கடையில அதைக் காப்பாத்த முடியாது."

"எந்தக் கடையில?"

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கே, அந்தக் கடையில. சுத்தமா வேணும், நான் ஒரு கட்டுப்பாட்டுல இருக்கேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தோசை முழுக்க நெய். ரெண்டு வாய் உள்ள போன பிறகுதான் தெரிஞ்சுது. இலையை மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஏமாத்துக்காரப் பயலுவ."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"இல்லை."

"வேற யார்கிட்டச் சொன்னீங்க?"

செண்பகவடிவு யோசித்துப் பார்த்தாள். தியானத்துக்கு வரும் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அடுத்த வீட்டில் சொல்லியிருந்தாள். ரேஷன் கடை வரிசையில் முன்பின் தெரியாத ஒருத்தியிடமும் சொல்லியிருந்தாள்.

"ஒரு தடவை நெய்யை ஊத்துன கடைக்கு மறுபடியும் போகலாமாம்மா?"

குரு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பசிக்குது. வாங்க."

கடையில் பரிமாறுகிற வேலாண்டி, நரைத்த மீசைக்காரர், அவளைக் கண்டதும் நேராக வந்தார்.

"வாங்கம்மா. விரதம் முடிஞ்சிட்டா?"

"விரதமா? எனக்கா?"

"கட்டுப்பாடு, சுத்தம்னுலாம் சொன்னீங்கள்லா. பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்க. சாமி குத்தம் ஆயிட்டோன்னு மாஸ்டருக்கு மனசே சரியில்ல." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, உங்க விரதக்காரம்மா வந்துருக்காங்க."

தோசை மாஸ்டர் ஆவுடையப்பன் தோளில் துண்டோடு வெளியே வந்தார்.

"என்னம்மா குறை வச்சேன்? ஊருக்கெல்லாம் சுட்ட எண்ணெய்க் கல்லு விரதத்துக்கு ஆகாதுன்னு, கல்லைத் தேச்சுக் கழுவி நெய்யிலலா சுட்டேன். முதலாளி கண்டா வைவாருன்னு மறைச்சு மறைச்சு ஊத்துனேன்."

செண்பகவடிவு குருவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. நான் தப்பாச் சொல்லிருவேன்."

"எனக்கு ரெண்டு இட்லி" என்றார் குரு, வேலாண்டியிடம்.

"எனக்காகச் சொல்லுங்கம்மா."

"நான் நெய் திங்கிறவ அக்கா. என்னத்தச் சொல்ல?"

செண்பகவடிவு மாஸ்டரின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இது விரதமில்லை. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், எதுவும் வேண்டாம்."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்லை."

"நெய் பிடிக்காதோ?"

"ரொம்பப் பிடிக்கும்."

ஆவுடையப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "பின்ன எதுக்கும்மா?"

"அது கன்னுக்குட்டிக்கு உள்ளது. நான் வாங்கித் திங்க மனசு வரலை."

அடுத்த மேசையில் ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன காப்பியைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அவரையும் பார்த்துவிட்டு மறுபடி மாஸ்டரைப் பார்த்தாள்.

ஆவுடையப்பன் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"அப்போ ரவா தோசை கேக்காதீங்க, மோர் விடுவேன். சாம்பாரும் வேண்டாம், இறக்குறப்போ ஒரு கரண்டி நெய் விழும். சாதாத் தோசை, நல்லெண்ணெய், தேங்காய்ச் சட்னி. சரியா?"

"சரி."

"ஒண்ணு சொல்லுதேன். என்னை நம்புங்க, என் கையை நம்பாதீங்க. இருபது வருசப் பழக்கம். தோசை வெந்ததும் கை அதுபாட்டுக்கு நெய்ச்சட்டிக்குப் போயிரும்."

குரு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

செண்பகவடிவு எழுந்தாள். அடுப்படிக்குள் போனாள். கல்லுக்குப் பக்கத்தில் இருந்த நெய்ச்சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் மாவை ஊற்றித் தேய்த்தார். சுற்றிலும் நல்லெண்ணெய் விட்டார். ஓரம் சிவந்து எழும்பியது. அவர் கை பக்கவாட்டில் போய், சட்டி இருந்த இடத்தில் காற்றைத் துழாவியது.

"சொன்னேன்லா" என்று சிரித்தார். "அடுத்த தடவை உங்க தலையைக் கண்டாலே சட்டியைத் தூக்கி மேல வச்சிருதேன்."

"ஒரு நெய் ரோஸ்ட்" என்று வேலாண்டியின் குரல் வந்தது.

மாஸ்டர் கையை நீட்டினார். நெய் தின்பதையே விட்டவள், சட்டியிலிருந்து கரண்டி நிறைய நெய்யை மொண்டு கொடுத்தாள். விரலெல்லாம் மினுமினுத்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

குரு கை கழுவ அந்தப் பக்கம் வந்தார்.

"அம்மா, பயணத்துல வழிநெடுக எத்தனை கடை வரும். எல்லாக் கடையிலயும் நெய்ச்சட்டியைச் சுமந்துட்டு நிக்கணுமா நான்?"

குரு கையை உதறினார்.

"இந்தக் கடையில இனி சுமக்க வேண்டாம்லா. ஒண்ணு குறைஞ்சிட்டு."

செண்பகவடிவு இன்னொரு தோசை ஊற்றச் சொல்லிவிட்டு, முதல் தோசையை அடுப்படியிலேயே நின்றபடி தின்றாள். நெய்ச்சட்டி அவள் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.