பத்து டம்ளர் தண்ணீர்

எங்கள் பெண்கள் பள்ளியை நினைத்தால் இன்றைக்கும் ஆய்வக உதவியாளர் எஸ்தர் அக்காதான் முதலில் ஞாபகத்துக்கு வருவார். எட்டாவதுக்கு மேல் படிக்காதவர்.

ஒருநாள் நாங்கள் ஆய்வகத்தில் இருந்தபோது, தாளாளர் நல்லபெருமாள் கையில் பானை வைத்திருந்த ஒரு வியாபாரியோடு வந்தார். நுண்ணோக்கி வாங்க ஒதுக்கிய பணத்தில் அதுபோல் காந்தம் பதித்த பானைகள் வாங்கப்போவதாகச் சொன்னார். "காந்தத் தண்ணி தேனா இனிக்குது!"

"குழாய்த் தண்ணியும் அதே ருசிதானேய்யா?" என்று அக்கா கேட்டுவிட்டார்.

தாளாளர் முகம் சிவந்தது. "அப்படின்னா நிரூபி. முடியலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"எனக்கு ஏதுய்யா அந்தப் படிப்பு? உங்க நாக்குதான் நிரூபிக்கணும்."

அக்கா எங்களிடம் பத்து டம்ளர்களைக் கொடுத்தார். ஐந்தில் காந்தத் தண்ணீரும் ஐந்தில் குழாய்த் தண்ணீரும் ஊற்றி, அடியில் குறி போட்டு, கலைத்து வைக்கச் சொன்னார். அதுவரை அவர் வெளியே நின்றார். "எது எதுன்னு தெரிஞ்சா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்." ஊற்றி முடித்ததும் எங்களையும் வெளியே அனுப்பிவிட்டார். நாங்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தோம்.

தாளாளர் ஒவ்வொன்றாகச் சுவைத்து, இனிப்பதாகச் சொல்லி ஐந்தைத் தனியே வைத்தார். அடியைப் பார்த்தால் இரண்டுதான் சரி. மறுபடி கலைக்கச் சொன்னார். அக்கா வெளியே போக, நாங்கள் உள்ளே வந்து கலைத்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினோம். மூன்று சரி. அடுத்த முறை மீண்டும் இரண்டு.

"குடிக்காம ஏதோ அஞ்சை எடுத்தாலும் இவ்வளவு சரியா வரும்யா," என்றார் அக்கா.

"ஐயாவுக்குச் சளி பிடிச்சிருக்கு," என்றார் வியாபாரி.

"அப்ப நீங்க குடிச்சுச் சொல்லுங்கண்ணே."

வியாபாரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தாளாளர் டம்ளர்களை ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

பிறகு, "அந்த நுண்ணோக்கி எங்கே கிடைக்கும்னு விசாரிம்மா," என்றார்.