ஒன்று காட்டிய மீட்டர்

தாடியும் காவியும் இருந்தால்தான் குரு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் பிலோமினா. மலையடிவாரத்து ஊரில் வயர்லெஸ் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். சீடர் கோயில்பிள்ளைக்கு ஐம்பத்தேழு. மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அன்று காலை மழை கொஞ்சம் வெறித்திருந்தது. டீச்சர் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், உங்க மீட்டர் பொய் சொல்லுது."

"வாங்க அண்ணாச்சி. காப்பி குடிக்கீங்களா?"

"காப்பி கிடக்கட்டும். நான் வயிறெரிஞ்சு வந்திருக்கேன்."

எரியத்தான் செய்யும். மேலே செம்பாறைக்குடியில் செல்போன் எடுக்காது. அதனால் டீச்சரின் தொண்டர் குழு அங்கே ரேஷன் கடையில் ஒரு வயர்லெஸ்ஸும், கோயில்பிள்ளையின் ஜீப்பில் ஒன்றும் வைத்துக்கொடுத்திருந்தது. போன வாரம் மண் சரிந்து ஜீப் நடுவழியில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஆட்கள். கோயில்பிள்ளை மைக்கைப் பிடித்துக் கத்தோ கத்தென்று கத்தினார். மேலேயும் கேட்கவில்லை, கீழே டீச்சர் வீட்டு வயர்லெஸ்ஸிலும் கேட்கவில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இன்று மறுபடியும் மேலே போகவேண்டும். இந்தத் தடவை ஏற்றிவர வேண்டியது அவருடைய மகள் ஜெபக்கனியை. கட்டிக்கொடுத்த ஊர் அது. இப்போது எட்டாம் மாதம். பெய்கிற பெயலில் நாளைக்குப் பாதை இருக்குமோ இருக்காதோ, யாருக்குத் தெரியும்? பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு வழியில் மாட்டினால் யாரைக் கூப்பிடுவது? அந்தப் பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

"நீங்க சொன்னபடிதான டீச்சர் செஞ்சேன்? ஆன்டெனாக் கம்பியை இம்மி இம்மியா வெட்டி, மீட்டரை வச்சு வச்சுப் பார்த்து, ஒண்ணுக்குக் கொண்டாந்துட்டேன். ஒண்ணுக்கு மேல நல்லது கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னதுதான். அந்த மீட்டர் கைக்குள் அடங்குகிற பெட்டி. ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளில் மாட்டினால், தானே கொஞ்சம் சிக்னலை அனுப்பி, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து ஓர் எண் காட்டும். எண் ஏற ஏறத் திரும்பி வருவது அதிகம். ஒன்று என்றால் எதுவுமே திரும்பவில்லை. அப்படியானால் எல்லாம் காற்றில் ஏறிப் போய்விட்டது என்று கோயில்பிள்ளை எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார் மனுஷன்?

டீச்சர் மீட்டரை மாட்டினார். ஒன்று என்றே காட்டியது.

"பார்த்தீங்களா? இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

டீச்சர் பம்பரில் கால் வைத்து ஏறி, கூரையிலிருந்த ஆன்டெனாக் கம்பியைத் திருகிக் கழற்றி, அவர் கையில் கொடுத்தார்.

"இப்பப் பாருங்க."

மீட்டர் அப்போதும் ஒன்று என்றே காட்டியது.

கோயில்பிள்ளை கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார்.

"ஆன்டெனா என் கையில இருக்கே டீச்சர்."

"ஆமா."

"பெறகு எப்படி ஒண்ணு காட்டுது?"

"எதுவும் திரும்பி வரல. அதைத்தான் காட்டுது."

டீச்சரிடம் அவருக்குப் பிடிக்காதது இதுதான். ஒரு கேள்வி கேட்டால் நேரே ஒரு பதில் வராது. வயதில் சின்னவர்தான், ஆனாலும் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் பழைய கேபிளை உருவி வெளியே எடுத்து, கத்தியால் நடுவே நறுக்கினார். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. செம்புக் கம்பி பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது.

"அனுப்பினது பூராவும் இதுக்குள்ளயே செத்துப்போச்சு அண்ணாச்சி. ஆன்டெனா வரைக்கும் போனாத்தான?"

புதுக் கேபிளை இழுத்துக் கட்டுகிற வரைக்கும் சும்மா இருக்க அவரால் முடியுமா? மகள் கதையை எடுத்துவிட்டார்.

"ஏழாம் மாசமே இறங்கி வந்துருன்னு சொன்னேன் டீச்சர். போகும்போதெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கா. சரின்னுதான அர்த்தம்? ஆனா கிளம்ப மாட்டேங்கா. எனக்குத் தலை வெடிக்கி."

"ஏன் கிளம்பலன்னு கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்க? அவதான் ஒண்ணும் சொல்லலியே."

"அந்த ஸ்பானரை எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். கேபிள் போட்டாகிவிட்டது. ஆன்டெனாவும் ஏறிவிட்டது. டீச்சர் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஜீப் கதவைச் சாத்தி, மீட்டரைப் பார்த்தார். இரண்டரை.

கோயில்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். "புதுசு போட்டு நாசமாப் போச்சே டீச்சர். பழசே தேவலாம் போலிருக்கே."

டீச்சர் திருகைத் தளர்த்தினார். கோயில்பிள்ளை வெட்டி வெட்டிக் குட்டையாக்கி வைத்திருந்த கம்பியைக் கொஞ்சம் மேலே இழுத்து முடுக்கினார். எண் ஒன்றரைக்கு இறங்கியது. மீட்டரைக் கழற்றிப் பையில் போட்டார்.

"போதும்."

"போதுமா? ஒண்ணு இருந்துச்சு டீச்சர். சுத்தமா ஒண்ணு."

"இருந்துச்சு. இப்பக் கூப்பிடுங்க."

அவரை ஜீப்பில் உட்காரவைத்து மைக்கைக் கையில் திணித்தார். கோயில்பிள்ளை வேண்டாவெறுப்பாகப் பொத்தானை அமுக்கினார்.

"செம்பாறைக்குடி, செம்பாறைக்குடி. கோயில்பிள்ளை பேசுதேன். கேக்குதா?"

பொத்தானை விட்டதும் ரேஷன் கடைக்காரர் குரல் கணீரென்று வந்தது. "பக்கத்துல நின்னு பேசுத மாதிரி கேக்கு அண்ணாச்சி. உங்க மக இங்கதான் நிக்கா. குடுக்கட்டுமா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் பார்க்காமல் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு அதிகாரமும் வந்துவிட்டது.

"ஏட்டி, துணிமணியை எடுத்து வை. இந்தா கிளம்பிட்டேன். மத்தியானத்துக்குள்ள அங்க இருப்பேன்."

பொத்தானை விட்டார். பிறகு ஜெபக்கனி பேசினாள்.

"வராதீங்கப்பா."

"என்னது?"

"நான் அந்த ஜீப்புல ஏற மாட்டேன். போன வாரம் ஆளுகளோட மண்ணுக்குள்ள கிடந்தீங்க. இந்த வயித்தோட நானும் அங்க கிடக்கணுமா? நர்சக்கா இந்த மாசம் பூராவும் இங்கதான் தங்கியிருக்காக. குலுங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக. மழை நிக்கட்டும், நானே இறங்கி வாரேன். நீங்க வாரீங்க, சொல்லுதீங்க, வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிருதீங்க. நான் என்ன நினைக்கேன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

கோயில்பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது. பிறந்ததிலிருந்து இவ்வளவு நீளமாக அவள் அவரிடம் பேசியதில்லை. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு டீச்சரிடம் திரும்பினார்.

"கேட்டீங்களா? இத்தனை வருசமா ஒரு சொல்லு திருப்பிச் சொல்லாத பிள்ளை. என்ன பேச்சுப் பேசுதா, பாருங்க."

"அப்பா, கேக்குதா?" என்றது பெட்டி.

பிலோமினா பழைய கேபிளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"போய்ச் சேர்ந்தாத்தான அண்ணாச்சி, திரும்பி வரும்."