வெளுத்த குழந்தையும் சரியான எண்ணும்

“ஹீமோகுளோபின் பதினாறு, மேடம். ரத்தம் குறையல. ஆனா குழந்தை வெளுத்துக் கிடக்குது. ஏன்னு புரியல,” என்றான் திருமாறன்.

அவன் பச்சிளங்குழந்தை மருத்துவம் பயில வந்த மருத்துவன். பேராசிரியர் ரோசலின் தம் அறையில் கடுங்காப்பி அருந்திக்கொண்டிருந்தார். அடுத்த அறையின் இன்குபேட்டரில், பத்து வாரம் முந்திப் பிறந்த பெண் குழந்தை கிடந்தது. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“நாடி?”

“வேகமா ஓடுது. விரலுக்குச் சரியா பிடிபடல.”

“நெஞ்சுத் தோலை விரலால அழுத்தி, விட்டுப் பார்த்தியா?”

“பார்த்தேன். நிறம் திரும்ப நேரமாகுது. குளிரா இருக்கும்னு சூட்டைக் கூட்டி வச்சேன்.”

“அம்மாவுக்கு?”

“நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிஞ்சு நிறைய ரத்தம் போயிருக்கு. ஆனா அது அம்மாவோட ரத்தம்தானே?”

“யார் சொன்னா?”

“ரிப்போர்ட், மேடம். பதினாறு.”

ரோசலின் கண்ணாடித் தம்ளரை எடுத்துப் பாதியைக் குடித்தார். மீதியை அவன் முன் வைத்தார்.

“சாயம் வெளுத்திருக்கா?”

“இல்லை.”

“அப்ப நான் குடிக்கவே இல்லை. அப்படித்தானே?”

திருமாறன் தம்ளரைப் பார்த்தான். பிறகு எழுந்து ஓடினான்.

ரத்த வங்கியிலிருந்து ரத்தம் வரச் சற்று நேரமாகும் என்றார்கள். அதுவரை உப்புநீர் ஏற்றுமாறு ரோசலின் பணித்தார்.

அவன் உப்புநீர்ச் சிரிஞ்சைக் குழந்தையின் தொப்புளில் செருகியிருந்த குழாயில் பொருத்தி அழுத்தினான். அருகில் நின்ற ரோசலின் அவனுடைய கட்டைவிரலுக்கு அடியில் தம் விரலைக் கொடுத்தார். சிரிஞ்ச் நின்றது.

“ரத்தம் இல்லாம கிடக்குது, மேடம். சீக்கிரம் போக வேணாமா?”

“இவ மூளையில இருக்கிற குழாய்கள் அந்த வேகத்தைத் தாங்காது. உடைஞ்சா அங்கேயும் ரத்தம் கசியும்.”

“அப்ப எவ்வளவு மெதுவா?”

அவர் விரலை எடுக்கவில்லை. அவன் அழுத்த அழுத்த, அந்த விரல் சிறிது சிறிதாக இடம் கொடுத்தது.

சிரிஞ்ச் காலியானதும் செவிலி சோதனைக்கு ஒரு துளி ரத்தம் எடுத்துச் சென்றார். “தொட்டுப் பார்,” என்றார் ரோசலின்.

அவன் குழந்தையின் முழங்கை மடிப்பில் விரலை வைத்தான்.

சற்று நேரத்தில் செவிலி புதிய ரிப்போர்ட்டுடன் விரைந்து வந்தார்.

“டாக்டர், ஹீமோகுளோபின் இறங்கிருச்சு. பன்னிரண்டு.”

“இறங்கட்டும், சிஸ்டர். தண்ணி கலந்தா சாயம் வெளுக்கத்தான் செய்யும்,” என்றான் திருமாறன், விரலை எடுக்காமல். “நாடி கிடைச்சிருச்சு.”